முழுநேர ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரராக சிங்கப்பூரில் தாக்குப்பிடிக்க முடியுமா?

மங்கல்_ஃபோகஸ்

வணக்கம் எல்லாருக்கும். இங்கே எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்றுதான் பெரும்பாலும் பேச்சு போகிறது. என் கேள்வி கேமரா பற்றியதல்ல, சோறு பற்றியது.

ஈசூனில் அம்மாவோடு இருக்கிறேன், வயது 33. ஒரு சரக்கு நிறுவனத்தில் கப்பல் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை. சம்பளம் மோசமில்லை, ஆனால் இன்னும் பத்து வருடம் அதே மேசையில் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. சில ஆண்டுகளாகச் சனி ஞாயிறுகளில் காதுகுத்து, வளைகாப்பு, பிறந்தநாள் என்று காசுக்குப் படம் எடுக்கிறேன். எல்லாரையும் மேடையில் வரிசையாக நிற்கவைத்து "இங்கே பாருங்க" என்று சொல்லி எடுப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. சமையலறையில் புளிசாதம் கிளறிக்கொண்டே பெரியம்மாக்கள் சண்டை போடுவதையும், ஒரு சின்னப்பெண் யாருக்கும் தெரியாமல் தட்டிலிருந்து வளையலை எடுத்துப் போட்டுப் பார்ப்பதையும்தான் தேடி எடுக்கிறேன், கடைசியில் வாடிக்கையாளர்களும் அந்தப் படங்களைத்தான் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்.

இதைத்தான் டாகுமெண்டரி என்றும் லைஃப்ஸ்டைல் என்றும் சொல்கிறார்கள் போல. இரண்டும் ஒன்றா வேறா என்றே எனக்குத் தெளிவில்லை. இதை மட்டும் வைத்து இந்த ஊரில் முழுநேரமாகப் பிழைக்க முடியுமா? விலை எப்படிப் போடுவது? பதிவு, வரி, மசேநி (மத்திய சேம நிதி) எல்லாம் என்ன கணக்கு? இரண்டு வேளைக்கு ஒருமுறை அம்மா "வேலையை விட்டுடாதே" என்கிறார். விடலாமா கூடாதா என்று இங்கே யாரும் முடிவு சொல்ல வேண்டாம், உள்ளே இருப்பவர்கள் கணக்கைச் சொன்னால் போதும்.

பழைய_ரோல்

தங்கச்சி, முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் காசு அங்கேதான் பிரிகிறது. டாகுமெண்டரி என்றால் நடப்பதை நடக்கிறபடி எடுப்பது. நீங்கள் நாற்காலியைக்கூட நகர்த்துவதில்லை, யாரையும் "இன்னொரு தடவை சிரிங்க" என்று கேட்பதில்லை. லைஃப்ஸ்டைல் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் அது யாரோ காசு கொடுத்து நடத்துவது. எந்தச் சட்டை, எந்த சன்னல் பக்கம், குழந்தை எந்த நேரத்தில் தூங்கி எழும் என்பதுவரை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். குடும்பங்கள் கேட்பது இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இந்த ஊரில் மாதாமாதம் பில் கட்ட உதவுவது பெரும்பாலும் இரண்டாவது வகை, அதற்கு உங்களைக் கூப்பிடுகிறவர்கள் பார்த்து மயங்குவது முதல் வகையை. அதனால் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க நினைக்காதீர்கள்.

இப்போது விலை. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று பார்த்து அதில் ஐம்பது வெள்ளி குறைத்துப் போடுவதுதான் நம் ஆட்கள் செய்கிற வழக்கம், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு வீட்டுச் செலவு, அம்மாவுக்குக் கொடுப்பது, சேமிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 4,000 வெள்ளி என்று வைப்போம், ஆண்டுக்கு 48,000. கேமரா தேய்மானம், ஹார்ட் டிஸ்க், எடிட்டிங் மென்பொருள் சந்தா, காப்புறுதி, டாக்சி, இணையதளம் என்று ஒரு 8,000 சேர்த்தால் 56,000. காசு வாங்கிக்கொண்டு கேமரா தூக்குகிற நாள் ஆண்டுக்கு 90 கிடைத்தால் முதல் சில வருடங்களுக்கு அது நல்ல எண்ணிக்கை. மற்ற நாளெல்லாம் எடிட், மின்னஞ்சல், சந்திப்பு, வேலை தேடுவது. 56,000-ஐ 90-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 620 வெள்ளிக்கு மேல். இதில் மெடிசேவும் (மசேநியில் மருத்துவச் செலவுக்கான சேமிப்பு) வரியும் இன்னும் சேரவில்லை. இப்போது நீங்கள் காதுகுத்துக்கு வாங்குகிற தொகையை எடுத்து, போய்வருகிற நேரம், படம் பொறுக்குகிற நேரம், "அக்கா இந்தப் படத்துல என் கன்னம் குண்டா இருக்கு" என்று வருகிற வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு மணி நேர ஷூட் உண்மையில் ஒரு முழு நாள்.

பதிவு சுலபம். அடையாள அட்டையில் இருக்கிற உங்கள் முழுப் பெயரிலேயே தொழில் செய்தால் தொழில்களைப் பதிகிற அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டியதில்லை. பெயரோடு ஸ்டூடியோ, போட்டோகிராஃபி என்று ஏதாவது ஒட்டினால் பதிய வேண்டும். நான் பதிந்தபோது பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி, பிஸ்ஃபைல் தளத்தில் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்தது. செலவு கழித்த பிறகு ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கட்டாயம். மசேநியின் சாதாரணக் கணக்குக்கும் சிறப்புக் கணக்குக்கும் யாரும் போடமாட்டார்கள், முதலாளி பங்கு என்ற ஒன்று இனி கிடையாது என்பதை வீடு வாங்கும் திட்டம் இருந்தால் இப்போதே யோசியுங்கள். வருமான வரியை ஏப்ரல் 18-க்குள் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும், ரசீதுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். நான் ஒவ்வொரு ரசீதையும் கடையை விட்டு வெளியே வருவதற்குள் கைப்பேசியில் படம் எடுத்துவிடுவேன், வெப்பத்தாள் ரசீது கொஞ்ச நாளில் வெள்ளைத்தாள் ஆகிவிடும்.

வேலையை விடுவதற்கு முன்னால் இன்னொன்று. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளியே வேலை செய்யக்கூடாது, அல்லது அனுமதி கேட்க வேண்டும் என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பலர் பார்ப்பதே இல்லை.

முகூர்த்த_நேரம்

பழைய_ரோல் அக்கா கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டார். ஆனால் அந்த 90 நாளும் ஆண்டு முழுக்கப் பரவி வராது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் கல்யாண போட்டோகிராபர், நம் ஆட்களின் கல்யாணம்தான் அதிகம். ஆடியில் ஒன்றும் இல்லை, மார்கழியில் ஒன்றும் இல்லை. ஆடி முடிகிற சமயம் சீனர்களின் ஏழாம் மாதம் வந்து உட்காரும், அவர்களும் அந்த மாதம் கல்யாணம் வைக்க யோசிப்பார்கள், சிலர் வீடு மாறுவதையும் கடை திறப்பதையும்கூடத் தள்ளிப்போடுவார்கள். ஆக ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிய காலம். அப்புறம் ஆவணி, ஐப்பசி, தை என்று ஒரே நாளில் மூன்று அழைப்பு வரும், ஒன்றைத்தான் எடுக்க முடியும். சம்பளக்காரர் மாதிரி மாதத்தை வைத்து யோசித்தால் இந்தத் தொழிலில் பைத்தியம் பிடிக்கும்.

அதனால் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள். இன்னொரு ஆலோசனையும் உண்டு, சிலருக்குப் பிடிக்காது: முதல் இரண்டு வருடம் எதையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மேடை வரிசைப் படமும் சோறு போடும். கலை பேசுவதற்கு முன் வாடகை.

மங்கல்_ஃபோகஸ்

இருவருக்கும் நன்றி. 620 வெள்ளியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் திரையை மூடிவிட்டேன். நான் வாங்குவது அதில் பாதிகூட இல்லை.

ஆடி, ஏழாம் மாதம் இரண்டும் அடுத்தடுத்து வருவது எனக்கு உறைக்கவே இல்லை.

சரி, டாகுமெண்டரி பக்கம் ஒரு கேள்வி. எனக்கென்று ஒரு தொகுப்பு வேண்டும் என்று தோன்றுகிறது. தேக்காவில் பூக்கட்டுகிறவர்களை எடுக்கலாம் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் தைப்பூசம். இதை எங்கே காட்டுவது, யார் பார்ப்பார்கள்?

மூன்றாம்_தளம்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் வாசலில் போய் நின்று பாருங்கள், காவடிகளுக்குச் சமமாக லென்ஸ்கள் இருக்கும். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை உள்ள பாதையில் படமெடுக்காத இடம் என்று ஒன்று பாக்கி இல்லை. எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் போகிறேன். ஆனால் உங்கள் பெயரை யாராவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது வழியல்ல. கேம்பல் லேன் பூக்கடைகளும் அப்படித்தான், சுற்றுலாப் பயணிகளே நன்றாக எடுத்துவிடுகிறார்கள்.

நீங்கள் ஈசூன்காரர். உங்கள் கண்முன்னே இருப்பதைப் பாருங்கள். ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கிற புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் செம்பவாங் பக்கத்திலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும் அந்தப் பகுதியில்தான் குடியிருந்தார்கள், தளத்தின் கப்பல் பழுதுபார்க்கும் பகுதி 1968-இல் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. அங்கே பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், சிராங்கூன் சாலையில் பார்க்கிற கேமராக் கூட்டம் அங்கே இருக்காது. ஆனால் நான் சொல்ல வருவது திருவிழாவைக்கூட அல்ல. அந்தத் தளத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்னும் அந்த வட்டாரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வரவேற்பறை, சுவரில் தொங்குகிற பழைய படம், கப்பல் பட்டறையில் ஓய்வு பெற்ற தாத்தா காலையில் எங்கே போய் உட்காருகிறார், யாரோடு பேசுகிறார், இதெல்லாம் வெளியிலிருந்து வருகிறவனுக்கு எளிதில் திறக்காது. உங்களை "யார் பெத்த பிள்ளைம்மா நீ" என்று கேட்டு உள்ளே விடுவார்கள். அந்த அனுமதிதான் உங்கள் மூலதனம், லென்ஸ் இல்லை.

ஒரு வருடம் ஒரே விஷயத்தில் நில்லுங்கள். மாதம் இரண்டு தடவை போனால்கூடப் போதும், முதல் சில தடவை கேமராவை வெளியே எடுக்காமல் டீ குடித்துவிட்டு வரலாம். ஒரு குடும்பத்தை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் வருவதை அந்த வீட்டுப் பாட்டி மதிக்காமல் தொலைக்காட்சி பார்க்கத் தொடங்கிய பிறகுதான் படம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதோ கிடைக்க ஆரம்பித்தது. அதுவரை எடுத்தது எல்லாம் விருந்தாளிக்குக் காட்டுகிற முகம்.

தொழில்நுட்பத்தில் இரண்டே விஷயம், மற்றதெல்லாம் யூடியூபில் இருக்கிறது. ஒன்று, நம் ஊரில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஏழு மணிக்குப் பக்கத்தில் உதித்து ஏழு மணிக்குப் பக்கத்தில் மறைகிறது, ஒன்பதரைக்கு மேல் வெளிச்சம் நேரே தலையில் விழுந்து எல்லார் கண்ணுக்குக் கீழும் குழி விழும். அதனால் காலை ஏழரைக்கு உணவங்காடியிலும் நடைபாதையிலும் இருக்கப் பழகுங்கள், நண்பகலில் வீட்டுக்குள் சன்னல் வெளிச்சத்துக்குப் போங்கள். இரண்டு, இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விலை குறைந்த எல்இடி விளக்கும் டியூப்லைட்டும் துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் படத்தில் பட்டை விழாது. கோயில் மண்டபத்தில் 1/500 வைத்துவிட்டு கேமரா கெட்டுப்போனது என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

காட்டுவதற்கு இடம் இருக்கிறது. மிடில் ரோட்டில் ஒப்ஜெக்டிஃப்ஸ் நிலையம், புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்குமான இடம், டாகுமெண்டரிக்கென்றே ஒரு விருது நடத்துகிறார்கள், அதில் பணமும் வழிகாட்டுதலும் உண்டு. பிரின்செப் ஸ்திரீட்டில் சரக்குப் பெட்டகங்களை அடுக்கிக் கட்டி 2014-இல் தொடங்கிய டெக் என்ற அமைப்பையும் பின்தொடருங்கள். 2008-இலிருந்து நடக்கிற சிங்கப்பூர் அனைத்துலகப் புகைப்பட விழா இருக்கிறது. தேசிய கலைகள் மன்றமும் தேசிய மரபுடைமைக் கழகமும் மானியம் கொடுக்கின்றன. கடற்படைத் தள நினைவுகள் போன்ற ஒன்றுக்கு மரபுடைமைப் பக்கம் கேட்டுப் பார்ப்பது நியாயம். ஆனால் வெறும் யோசனையோடு போகாதீர்கள், பதினைந்து இருபது படங்களும் ஒரு பக்க எழுத்தும் கையில் இருக்க வேண்டும்.

முகூர்த்த_நேரம் சொன்ன "எதையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் பக்கத்தில் மேடைப் படமாகவே போட்டால் மேடைப் படத்துக்குத்தான் அழைப்பு வரும். வேலையை எடுங்கள், காசை வாங்குங்கள், ஆனால் அதைத் தொகுப்பில் போடாதீர்கள். டேரன் சோவைப் பாருங்கள், பிழைப்புக்குக் கட்டடக்கலைப் புகைப்படம், கூடவே டக்கோட்டா கிரசென்ட், ரோச்சோர் சென்டர் மாதிரி மறையப்போகிற வீவக கட்டடங்களைத் தன்பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே வந்தார். இன்று அவர் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் நினைவு வருவது இரண்டாவதுதான். சிம் சீ யின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் செய்தியாளராக இருந்தவர், வேலையை விட்டுப் புகைப்படத்துக்கு வந்தார், 2017-இல் நோபல் அமைதிப் பரிசுக் கண்காட்சிக்குப் படமெடுக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு விஷயத்தில் வருடக்கணக்கில் நின்றவர்கள் இவர்கள்.

முகூர்த்த_நேரம்

சிம் சீ யின் கதையைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகள் வேலையை விட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அது நூற்றில் ஒருவர் கதைகூட இல்லை. ஆனால் தொகுப்பில் போடாதே என்பதை ஏற்றுக்கொள்கிறேன், நானே கல்யாணத்துக்கு ஒரு கணக்கு, மற்றதற்கு ஒரு கணக்கு என்று இன்ஸ்டாகிராமில் இரண்டாகத்தான் வைத்திருக்கிறேன்.

ஆறு_மணி_டெட்லைன்

நான் படம் எடுப்பவன் அல்ல, எடுப்பவர்களுக்கு வேலை கொடுக்கிற பக்கம். விளம்பர நிறுவனம் ஒன்றில் தயாரிப்பாளர். மருத்துவமனை, வங்கி, அரசாங்க அமைப்பு, தொண்டூழிய நிறுவனம் என்று வாடிக்கையாளர்கள். இவர்கள் எல்லாரும் இப்போது கேட்பது "உண்மையான ஆட்கள் மாதிரி" தெரிகிற படம், ஸ்டாக் படத்தில் சிரிக்கிற முகங்களைப் பார்த்து மக்களுக்குச் சலித்துவிட்டது. அதனால் மங்கல்_ஃபோகஸ் எடுப்பது மாதிரி வேலைக்கு ஆள் தேவைதான். தமிழ் தெரிந்தவர், முதியோர் வீட்டுக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் அவர்களைச் சகஜமாக்கத் தெரிந்தவர் கிடைப்பது எங்களுக்கு அரிது, அதை உங்கள் மின்னஞ்சலில் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஆனால் மேலே யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. நாள் கூலி மட்டும் போட்டால் நீங்கள் பாதிக் காசைத்தான் கேட்கிறீர்கள். நிறுவன வேலையில் உங்கள் நேரத்துக்கு ஒரு விலை, படத்தைப் பயன்படுத்துவதற்கு இன்னொரு விலை. ஒரு மருந்தகம் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு வருடம் போடுவதும், அதே படத்தைப் பேருந்து நிறுத்த விளம்பரத்தில் பெரிதாக ஒட்டி மலேசியாவிலும் ஓட்டுவதும் ஒன்றல்ல. எங்கே, எவ்வளவு காலம், எந்த நாட்டில், எந்த ஊடகத்தில் என்ற நான்கையும் விலை மேற்கோளில் (கொட்டேஷன்) எழுதுங்கள். எழுதாமல் விட்டால் எங்கள் மாதிரி ஆட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்வோம், கெட்ட எண்ணத்தில் அல்ல, யாரும் சொல்லவில்லை என்பதால்.

சட்டம் இப்போது உங்கள் பக்கம். பழைய சட்டத்தில் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு அவரே பதிப்புரிமைக்காரர். 2021 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தில் அது மாறிவிட்டது. வேறு எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால் எடுத்தவருக்குத்தான் உரிமை. பொதுவில் பயன்படுத்தும்போது உங்கள் பெயரைப் போட வேண்டும் என்ற உரிமையும் அதில் வந்தது. ஆனால் "வேறு எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால்" என்பதுதான் சூட்சுமம். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் எட்டாவது ஒன்பதாவது பக்கத்தில் எல்லா உரிமையும் எங்களுக்கே என்று ஒரு வரி இருக்கும். அதை நீக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நீக்க மாட்டோம் என்றால் விலையைக் கூட்டுங்கள். உங்கள் தொகுப்பில் காட்டும் உரிமையையாவது பிடித்துக்கொள்ளுங்கள். (சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வேலையின் பகுதியாக எடுத்தால் அது முதலாளியுடையது, அது தனிக் கதை.)

முன்பணம் பாதி, நாள் குறிக்கும்போதே. ரத்து செய்தால் எவ்வளவு, மழை வந்தால் என்ன, எத்தனை படம், எத்தனை திருத்தம், எத்தனை நாளில் பணம், எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். 2018-இல் சுயதொழில் செய்வோருடனான ஒப்பந்தங்களுக்கென்று முத்தரப்புத் தரநிலை ஒன்று வந்தது, ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்று அதில் இருக்கிறது, அதை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். பணம் வராவிட்டால் டேடம் என்கிற அமைப்பிடம் சமரசப் பேச்சுக்குப் போகலாம். அதுவும் ஆகவில்லை என்றால் 20,000 வெள்ளிவரை ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம், வக்கீல் வேண்டியதில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

அரசாங்க அமைப்புகளின் ஷூட் வேலை வேண்டும் என்றால், அவை ஒப்பந்தம் கோருகிற ஜிபிஸ் தளத்தில் பதிந்து வையுங்கள். தாள் வேலை கொஞ்சம் அதிகம், ஆனால் அங்கே பணம் வந்துவிடும். பொதுப்பொறுப்புக் காப்புறுதி கேட்பார்கள், பெரிய மண்டபங்களும் கேட்கும்; உங்கள் விளக்குத் தாங்கி விழுந்து யாருக்காவது அடிபட்டால் என்ன என்பதற்காக.

துவாஸ்_பஸ்_182

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் தஞ்சாவூர், இங்கே எம்பிளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருக்கிறேன். வார இறுதியில் நண்பர்களுக்குக் காசு வாங்கி எடுத்துக் கொடுக்கலாமா? நிறைய பேர் செய்வதாகச் சொல்கிறார்கள்.

அப்புறம் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் இருக்கிற நம் தம்பிகளை வைத்து ஒரு டாகுமெண்டரி செய்ய ஆசை.

பழைய_ரோல்

காசு வாங்கக் கூடாது தம்பி. பாஸில் எழுதியிருக்கிற முதலாளிக்கு மட்டும்தான் வேலை பார்க்கலாம், எம்பிளாய்மென்ட் பாஸ்காரர் ஃப்ரீலான்ஸ் செய்ய அனுமதி இல்லை. நிறைய பேர் செய்வதால் அது சரியாகிவிடாது, யாராவது ஒருவர் மனிதவள அமைச்சுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பாஸ் போய்விடும். சும்மா எடுங்கள், கண்காட்சிக்கு அனுப்புங்கள், அதில் தடையில்லை.

மூன்றாம்_தளம்

விடுதி விஷயத்தில் கொஞ்சம் நிதானம். உள்ளே எடுக்க நடத்துபவரிடம் அனுமதி வேண்டும், அது எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் படத்தில் இருக்கிற தம்பி நாளைக்கு முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டிய நிலை வரலாம், அதை நீங்கள் போய்த் தீர்க்க முடியாது. அழுக்கான பாத்திரம், அடுக்குக் கட்டில், வியர்வை என்று ஏற்கெனவே ஆயிரம் படம் வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் வருகிறார்களே, அவர்கள் தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு எடுத்தால் அது வேறு மாதிரி இருக்கும். எடுத்த படத்தை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் கட்டாயம் அனுப்புங்கள், ஊரில் அம்மா பார்ப்பார்.

அனுமதி பற்றி மங்கல்_ஃபோகஸுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பொது இடத்தில் எடுக்கிற படத்துக்குத் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள், மூடிய நிகழ்ச்சியில், கோயில் உள்ளே என்றால் கேட்க வேண்டும், கோயிலில் அலுவலகத்தில் போய் முன்பே சொல்லிவிடுவது நல்லது. விளம்பரத்துக்குப் போகிற படம் என்றால் அதில் முகம் தெரிகிற எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம், பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஒரு தாத்தா வேட்டி விலகித் தூங்குவதை எடுத்துப் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.

மங்கல்_ஃபோகஸ்

மூன்றாம்_தளம் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன். அம்மாவின் பெரியப்பா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவராம், அவருடைய மகன் இப்போது செம்பவாங்கில், எழுபது வயதுக்கு மேல். எனக்கு இவ்வளவு நாள் தெரியவே தெரியாது. அம்மாவே தொலைபேசியில் பேசி அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார், வேலையை விடாதே என்று சொன்ன அதே அம்மா.

வேலையை இப்போதைக்கு விடவில்லை. அலுவலகத்தில் வாரம் நான்கு நாள் வேலைக்கு மாற முடியுமா என்று கேட்கப் போகிறேன், ஒப்பந்தத்தைப் படித்தேன், வெளிவேலைக்கு எழுத்தில் அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. விலையை அடுத்த மாதத்திலிருந்து ஏற்றுகிறேன், பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இந்த வருடக் கடைசிவரை பழைய விலை.

கடைசியாக ஒன்று. படங்களை எப்படிப் பத்திரப்படுத்துகிறீர்கள்? என்னிடம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது, அதுவும் லென்ஸ்களும் துணி அலமாரியில்.

பழைய_ரோல்

துணி அலமாரியா! முதலில் லென்ஸை வெளியே எடு தங்கச்சி. நம் ஊர் ஈரப்பதத்துக்குக் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும், பிடித்தால் சுத்தம் செய்கிற செலவுக்கு வேறு லென்ஸே வாங்கிவிடலாம். சின்ன டிரை கேபினட் ஒன்று வாங்கி ஈரப்பதத்தை 40-இலிருந்து 50 விழுக்காட்டுக்குள் வைத்துவிடு, கரோசல் தளத்தில் பழையது கிடைக்கும். அதற்கும் கீழே இறக்காதே, ரப்பர் காய்ந்துவிடும்.

படத்துக்கு மூன்று பிரதி. ஒன்று வேலை செய்கிற டிஸ்க், ஒன்று வீட்டில் வேறு டிஸ்க், ஒன்று வீட்டுக்கு வெளியே, கிளவுடோ அக்கா வீடோ எதுவோ. இரண்டு கார்டு போடுகிற கேமராவாக இருந்தால் ஷூட்டின்போதே இரண்டிலும் எழுதும்படி வைத்துக்கொள். வாடிக்கையாளருக்குப் படம் போய்ச் சேர்ந்து அவர் சரி என்று சொல்கிறவரை கார்டை அழிக்காதே.

ஆறு_மணி_டெட்லைன்

வாரம் நான்கு நாள் கிடைத்தால் அந்த ஐந்தாவது நாள் வெள்ளி அல்லாமல் புதன் அல்லது வியாழனாகக் கேளுங்கள். நிறுவன ஷூட் எல்லாம் வார நாளில்தான், வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் வாடிக்கையாளர்கள் யாரும் எதற்கும் ஒப்புதல் தருவதில்லை. பத்துப் பன்னிரண்டு படம் சேர்ந்ததும் இங்கேயே தனிச்செய்தியில் அனுப்புங்கள். முதியோர் பராமரிப்பு வேலை ஒன்று ஆண்டிறுதிக்குள் வரும்போல் இருக்கிறது, தமிழ் பேசுகிற ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். மேற்கோள் அனுப்பும்போது அந்த நான்கு விஷயத்தையும் எழுதியே அனுப்ப வேண்டும், நான் கேட்காவிட்டாலும்.